குருவில்லாமற் பயின்ற கிற்றார்

பண்டாரவளை என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவன அதன் இதமான குளிரும், மரக்கறிப் பாத்திகளும், மலைச்சரிவுகளிற் படிந்து கிடக்கும் தேயிலைப் பசுமையுமேயாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் அமைந்த அவ்வூரின் பெயரைச் சங்கீத வரலாறு எழுதுவோர் எடுத்துரைப்பது அரிது. ஆயினும் அம்மலைகளைப் பற்றிய ஒரு கேள்வி நெடுநாளாக என் உள்ளத்தை விட்டகலாது நிற்கின்றது. இசை கற்பிக்க ஓர் ஆசிரியரும் இல்லாத தோட்டப்புறத்தில், கடைக்குச் சென்று விலைகொடுத்து வாங்கவும் வழியற்ற ஓர் இளைஞன், கிற்றார் என்னும் மேனாட்டு நரம்புக் கருவியைத் தானே பயின்றுகொண்டது எங்ஙனம்? இன்று கைத்தொலைபேசியைத் திறந்தால் ஆயிரம் ஆசிரியர் முன்வந்து நிற்பர். நான் சொல்வது அவ்வசதி கனவிலும் தோன்றாத காலம்.

கிற்றார் இலங்கைக்குப் புதியதன்று. 1505 ஆம் ஆண்டில் இத்தீவிற் கால்வைத்த போர்த்துக்கேயர் தம்முடன் நரம்புக் கருவிகளையும் ஆடற்பாடல்களையும் கொண்டுவந்தனர். அவர்தம் ஆட்சி 1658 இல் முடிவுற்றது, இசையோ முடிவுறவில்லை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர், பிடிலும் மண்டலினும் றபானாவும் கொண்டு கபிரிஞ்ஞா என்னும் ஆடலிசையைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்துள்ளனர். இருபதாம் நூற்றாண்டில் அவ்விசையிலிருந்து பைலாவை உருவாக்கிச் சிங்கள மக்களின் நாவிற் பதியவைத்தவர் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன். ஆறு எண்ணிக்கையில் துள்ளிவரும் அந்நடைக்குக் கிற்றார் நன்கு பொருந்தியது.

இவையெல்லாம் கரையோரத்துச் செய்திகள். மலைக்கு எதுவும் புகைவண்டியில் ஏறித்தான் வரவேண்டும். இருப்புப்பாதை 1894 இற் பண்டாரவளையை எட்டியது. பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. தேயிலைப் பெட்டிகள் கீழிறங்கிய அதே பாதையில், துரைமார் பங்களாக்களுக்குப் பியானோவும் கிராமபோன் பெட்டியும் மேலேறின. அவற்றின் ஒலி பங்களாவின் கண்ணாடிச் சன்னல்களைத் தாண்டி வெகுதூரம் வந்ததில்லை.

ஆனால் இசை அற்றுக் கிடந்த மண்ணா அது? லயம் என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். சங்கீதம் அறிந்தவருக்கு அது தாளத்தின் உயிர். தோட்டத்து மக்களுக்கோ பத்தடி அறைகள் வரிசையாய் ஒட்டிநிற்கும் வீடு. அந்த லயத்திலே லயத்துக்குக் குறைவிருந்ததில்லை. விடியற்காலையிற் பெரட்டுக்கு ஆளழைத்தது தப்பு. மாசி மாதத்திற் காமன் கூத்து நடக்கையில் இரதியையும் மன்மதனையும் ஆடவைத்தது தப்பு. மார்கழியில் மாரியம்மன் கோயிலைச் சுற்றிப் பஜனை வருகையில் ஆர்மோனியமும் தாளமும் உடன்வந்தன. இவற்றை யாரும் பள்ளிக்கூடத்திற் கற்றதில்லை. தீயிற் காய்ச்சிய தப்பை ஒருவர் அடிக்க, அருகில் நின்ற சிறுவன் வெறுங்கையால் தன் தொடையில் அடித்துப் பழகினான். தானே கற்றல் என்று அதற்கு எவரும் பெயர் சூட்டவில்லை.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தப்பு அடித்தவரைச் சமூகம் எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதை நாம் அறிவோம். திருவிழாவுக்கும் இழவுக்கும் அவரை அழைத்தவர்கள், மற்ற நாட்களில் அவரைத் திண்ணையில் ஏறவிட்டதில்லை. தன் கையில் அபாரமான தாளஞானம் இருந்தும், அதனை வெளிக்காட்ட நாணிய இளைஞர் தோட்டந்தோறும் இருந்தனர். கிற்றாருக்கு அத்தகைய பழைய பெயர் எதுவும் இல்லை. யாருடைய வாத்தியம் அது என்று யாரும் கேட்டதில்லை. மலையக இளைஞர் சிலர் அக்கருவியின்பால் ஈர்க்கப்பட்டமைக்குப் புதுமை மோகம் ஒன்றே காரணம் என்பாருடன் நான் உடன்படேன்.

அக்கருவியின் ஒலியை அவர்கள் செவிக்குக் கொண்டுசேர்த்தது வானொலியாகும். 1925 டிசம்பரிற் கொழும்பில் எட்வேட் ஹார்ப்பர் என்பார் தொடங்கிவைத்த ஒலிபரப்பு, 1949 இல் இலங்கை வானொலி எனப் பெயர்பெற்று, அடுத்த ஆண்டில் வர்த்தக ஒலிபரப்பையும் ஆரம்பித்தது. 1967 இற் கூட்டுத்தாபனமாயிற்று. மின்சாரம் எட்டாத லயங்களுக்கும் உலர்மின்கலத்தில் இயங்கும் சிறிய டிரான்சிஸ்டர் பெட்டி போய்ச் சேர்ந்தது. லயத்துக்கு ஒரு பெட்டி இருந்தாற் போதும். பத்துக் குடும்பம் கேட்கும்.

இதே காலத்தில் உலகின் பிற பாகங்களிலும் இளைஞர் கிற்றாரைத் தாமே பற்றிக்கொண்டிருந்தனர். லொனி டொனிகன் என்னும் பாடகரைக் கேட்ட இங்கிலாந்து இளைஞர், 1956 ஆம் ஆண்டளவில் மலிவான கிற்றார்களை வாங்கித் தெருவுக்கொரு குழு அமைத்தனர். அவர்களுக்கென்றே 1957 இற் பேட் வீடன் 'பிளே இன் எ டே' என்ற கைந்நூலை வெளியிட்டார். ஒரே நாளில் வாசித்துவிடலாம் என்று அத்தலைப்பு ஆசைகாட்டிற்று. ஒரு நாளில் யாருக்கும் வந்திராது. விரல்நுனித் தோல் காய்த்து நோவு நிற்கவே வாரங்கள் சில வேண்டும். எனினும் பிற்காலத்திற் பெரும்புகழ் பெற்ற வாத்தியக்காரர் பலர் அந்நூலை நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளனர்.

நம் மலைகளிலேயே ஓர் உதாரணம் உண்டு. பண்டாரவளைக்கு அயலிலுள்ள அப்புத்தளையில் 1943 ஓகஸ்ட் 3 ஆம் நாள் பிறந்தவர் கிளாரன்ஸ் விஜேவர்தன. 1966 இல் அனஸ்லி மாலேவன முதலியோருடன் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவை அமைத்த அவர், மின்கிற்றாரைச் சிங்கள இசையில் நிலைபெறச் செய்தார். அக்குழுவை நேயர்களுக்கு அறிமுகப்படுத்துவதில் இலங்கை வானொலி அறிவிப்பாளர் விஜய கொரயா முன்னின்றார். 1996 டிசம்பரிற் கிளாரன்ஸ் மறைந்தபோது நாடே துயருற்றது. அவர் பிறந்த ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளிலே கொழுந்து பறித்தவர்கள் தமிழர். ஒரே மூடுபனி, ஒரே வானொலி. ஆனால் கருவி கைக்கெட்டிய தூரம் ஒன்றாக இருக்கவில்லை.

இனி, நான் கண்ட ஒருவரைப் பற்றிக் கூறுகின்றேன். அவர் பெயர் வேண்டாம். நாங்கள் அனைவரும் 'அண்ணே' என்றே அழைத்தோம். பண்டாரவளையை அடுத்த ஒரு தோட்டத்தில், 1971 ஆம் ஆண்டளவில், அவருக்கு இருபது வயதிருக்கும், எனக்குப் பத்து. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை பார்த்தவர். அவருடைய தந்தையார் தப்படிப்பதில் வல்லவர். கிளாக்கரையா வீட்டைக் காலிசெய்து போனபொழுது கழித்துவிட்ட சாமான்களுக்கிடையே பழைய கிற்றார் ஒன்று கிடந்தது. முதுகில் வெடிப்பு, நரம்புகள் ஆறில் மூன்றே மீதம். விறகு பிளந்து கொடுத்த கூலிக்குப் பதிலாக அதனை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நரம்பு வாங்க வழியில்லை. பணமின்மை ஒருபுறமிருக்க, 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டினாற் கடைகளிலும் அத்தகைய பொருட்கள் அருகியிருந்தன. சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து, அதன் மெல்லிய இழை ஒன்றை முதலாம் நரம்பாகக் கட்டினார் அண்ணன். அவ்விழை விரலை அறுத்தது. அதைப் பார்த்த அவருடைய அம்மா, "கொழுந்தெடுக்கிற எங்க கையைப் பாருடா, அதுக்கு இது ஒன்னும் கொறைச்சலில்ல" என்று சிரித்தார். உண்மையில் அந்த அம்மையாரின் விரல்கள் எந்த நரம்பையும் அழுத்தவல்லன. அவற்றுக்கு ஓய்வென்று ஒரு நாழிகை கிடைத்ததில்லை என்பதே குறை.

முதலில் அவர் செய்தது யாது? வானொலியிற் கேட்ட திரைப்பாட்டின் மெட்டை ஒற்றை நரம்பிலே தேடினார். நம்மவர் அனைவரும் இவ்வாறே தொடங்குவர். நம் இசை ஒரு சுரத்தின்பின் ஒரு சுரமாக நடப்பது; வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும் அந்நடைக்கென அமைந்தவை. கிற்றாரின் மெட்டுகளும் ஸ்தாயிக்குப் பன்னிரண்டாகவே வகுக்கப்பட்டுள்ளமையால் ஒற்றை நரம்பில் மெட்டைக் கண்டுபிடித்தல் கடினமன்று. அக்கருவியின் தனிச்சிறப்போ வேறொன்று: ஒரே வேளையிற் பல சுரங்களை இணைத்து ஒலிக்கச்செய்யும் 'கோர்டு'. அது நரம்புகளை முறைப்படி சுருதி சேர்த்தாலன்றிக் கிடையாது. அண்ணனோ நரம்புகளைத் தம்புராவைப் போலச் சட்சம், பஞ்சமம் என்று தம்மிச்சைப்படி கூட்டிவைத்திருந்தார். வானொலியில் ஒலிக்கும் அந்த நிறைவு தம் கருவியில் ஏன் வரவில்லை என்று பல மாதம் மயங்கினார். வானொலி ஒலியைக் கொடுக்கும். விரல் எங்கே இருக்கிறதென்று காட்டாது.

அம்மயக்கம் தீர்ந்தது பண்டாரவளைப் புகைவண்டி மேடையில். தியத்தலாவைப் படைமுகாமிலிருந்து விடுமுறைக்கு ஊர்செல்லும் சிங்கள இளைஞர் ஒருவர் கையிற் கிற்றாருடன் வண்டிக்குக் காத்திருந்தார். அண்ணன் அருகிற் சென்று உற்றுப்பார்த்து நின்றார். நான் அவர் பின்னால். அரைகுறைச் சிங்களமும் அரைகுறைத் தமிழுமாகப் பேச்சு நடந்தது. தடித்த நரம்பை ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் எழும் ஒலியே அடுத்த நரம்பின் வெற்றொலியாக இருத்தல் வேண்டும். இவ்வாறே ஒவ்வொன்றாகச் சேர்த்துச் செல்க. மூன்றாம் நரம்பிலிருந்து இரண்டாவதைச் சேர்க்கும்போது மாத்திரம் நான்காம் மெட்டு. இவ்வளவையும் அவர் விரலாலேயே காட்டிவிட்டார். பின்பு மூன்று கோர்டுகளைப் பிடித்துக் காட்டினார். வண்டி வந்தது, ஏறிப்போனார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

தோட்டத்துக்கு நடந்த நாலு மைலும் அண்ணன் பேசவில்லை. இடக்கை விரல்களை மட்டும் காற்றில் மடக்கிக்கொண்டே வந்தார்.

அம்மூன்று கோர்டுகளும் எவை என்பதைப் பின்னாளில் நான் விளங்கிக்கொண்டேன். சட்சத்தை அடியாகக் கொண்ட ஒன்று, சுத்த மத்திமத்தை அடியாகக் கொண்ட ஒன்று, பஞ்சமத்தை அடியாகக் கொண்ட ஒன்று. உலகெங்கும் எண்ணற்ற எளிய பாட்டுகள் இம்மூன்றனுள் அடங்கும். ச, ம, ப என்பவற்றின் உறவை நம் செவி தொன்றுதொட்டு அறியும். அவற்றை அடுக்கிக் கேட்கும் வழக்கந்தான் நமக்குப் புதிது.

இடக்கை இங்ஙனம் தடுமாறிக் கற்றது. வலக்கையின் கதை வேறு. நரம்புகளை மேலுங்கீழுமாக வீசி மீட்டும்போது கால அளவு பிசகாதிருத்தலே புதிதாய்ப் பழகுவோர்க்குப் பெருந்தொல்லை. அண்ணனுக்கோ அத்தொல்லை ஒருநாளும் இருந்ததில்லை. காமன் கூத்தில் தந்தையாரின் அருகில் நின்று தொடையில் தட்டிய திசிர நடை, அப்படியே மணிக்கட்டில் இருந்தது. பைலாப் பாட்டு வானொலியில் வந்தால் இரண்டாம் அடி முடியுமுன் அவர் கை அதனுடன் சேர்ந்துவிடும். தடித்த நரம்பைப் பெருவிரலால் தனியே தட்டி, மற்றவற்றை ஏனைய விரல்களால் நிரப்புவார். தப்பின் அடிக்கும் பொடிக்கும் உள்ள பேதமே அது. குழுக்களில் இத்தாழ்குரலுக்கெனத் தனிக் கருவியே உண்டு. அமெரிக்கரான லியோ பெண்டர் 1951 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நான்கு நரம்பு மின்பேஸ் அத்தகையது. அண்ணன் அதனைக் கண்ணாற் கண்டதில்லை. அதன் வேலையைப் பெருவிரல் செய்தது.

அவர் குருவில்லாமற் கற்றார் என்றே தோட்டத்தில் எல்லாரும் வியந்தனர். அவ்வியப்பில் எனக்கு இப்போது ஐயமுண்டு. தப்படித்த தந்தை ஒரு குரு. மேடையில் நின்ற முகமறியா இளைஞர் ஒரு குரு. வானொலி மூன்றாவது. ஸ்பெயின் தேசத்து அந்திரே செகோவியா தமக்குத் தாமே ஆசிரியரும் மாணவரும் என்று பெருமிதமாகக் கூறிவந்தவர். அவரும், சிறுவயதில் தம் ஊருக்கு வந்த ஒரு நாடோடி வாத்தியக்காரரிடம் சில வாரம் கைபழகியதைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் மறைக்கவில்லை.

கிளாரன்ஸ் பிறந்த அதே 1943 இல், தமிழ்நாட்டில் மேற்கு மலைத்தொடரின் அடியிலுள்ள பண்ணைப்புரத்திற் பிறந்தவர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராசனின் கச்சேரிகளில் ஆர்மோனியம் வாசித்தும் பாடியும் ஊரூராகச் சென்றதே அவருடைய முதற் பள்ளி. பின்பு 1968 இற் சென்னை செல்லப் பணமில்லாதபோது தாயார் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாவுக்கு விற்றுக் கொடுத்தார் என்று அவரே பலமுறை கூறியுள்ளார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாகப் பயின்று, இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரித் தேர்விற் கிற்றாருக்குத் தங்கப்பதக்கம் பெற்று, பிற இசையமைப்பாளரிடம் கிற்றார் வாசித்து, 1976 இல் 'அன்னக்கிளி' மூலம் வெளிப்பட்டார். தானே கற்றது ஒருவரை எதுவரை கொண்டுசெல்லும், அதன்பின் எங்கே ஓர் ஆசிரியர் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று எனக்குத் தெரியாது. எங்கள் அண்ணனுக்கு ஒரு தன்ராஜ் மாஸ்டர் வாய்க்கவில்லை. கழுத்துப்பலகையைப் பெருவிரலால் இறுகப் பற்றும் பிழையான பழக்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. விரைவான இடங்களில் விரல் எட்டாமற் போகும். திருத்துவார் இலர்.

பழகுவதற்கு இடமும் அரிது. லயத்துச் சுவர் மெல்லியது. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டிற் கேட்கும். விடியலிற் பெரட்டுக்குச் செல்பவர் இரவில் உறங்க வேண்டாமா? ஆதலின் வேலை முடிந்ததும் ஸ்டோரின் பின்புறம், டிரான்ஸ்போமர் நின்ற கம்பி வேலியருகில், அண்ணன் உட்கார்ந்துகொள்வார். அப்பெட்டி ஓயாது முரலும். மூன்றாம் நரம்பை அம்முரலோடு ஒட்டவைத்து, மற்றவற்றை அதிலிருந்து சேர்ப்பது அவர் வழக்கம். இதனைப் பின்னர் கணக்கிட்டுப் பார்த்தேன். நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று. டிரான்ஸ்போமரின் முரல் அதன் இரட்டிப்பான 100. ஜீ எனப்படும் மூன்றாம் நரம்பு வினாடிக்கு 196 முறை அதிர்வது. ஆக அம்முரலின் மேல்ஸ்தாயி ஏறத்தாழ அதுவே, சிறிது கூடுதல். கணக்கறியாத செவி கண்ட சுருதி அது.

அக்காலத்திலேதான் யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் கிற்றாருடன் பாடிய 'சின்ன மாமியே' முதலிய பொப்பிசைப் பாடல்கள் நாடெங்கும் பரவின. தமிழிலும் கிற்றார் இப்படிப் பேசுமா என்று அண்ணன் வியந்துபோனார். மறுவாரமே அதனைத் தோட்டத்துத் திருமண வீடொன்றில் வாசித்துப் பாடினார். அன்று அவரை உள்ளே அழைத்து நாற்காலி கொடுத்து உட்காரவைத்தனர். அவருடைய தந்தையார் வெளியே தப்புடன் நின்றார். நான் இரண்டையும் பார்த்தேன்.

1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டியவராயினர். அண்ணன் குடும்பத்துக்கு 1974 இல் முறை வந்தது. பஞ்சத்தால் தோட்டங்கள் வாடிக் கிடந்த காலம் அது. தலைமன்னாருக்குச் செல்லும் அவ்வண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். ஏறியவரும் அழுதனர், வழியனுப்பியவரும் அழுதனர். தந்தையார் தப்பைத் துணியிற் சுற்றி எடுத்துக்கொண்டார். வெடித்த கிற்றார் கடலைத் தாண்டாது என்று அண்ணன் அதனை என்னிடம் தந்தார். "கரண்டுப் பெட்டிச் சத்தத்துக்குச் சேர்த்துக்க தம்பி, மத்தது தானா வரும்" என்றார்.

ஓராண்டு கழித்து நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து கடிதம் வந்தது. தாயகம் திரும்பியோர்க்கு வேலை கொடுப்பதற்கெனத் தமிழ்நாட்டரசு 1968 முதல் அங்கே தேயிலைத் தோட்டங்களை அமைத்துவந்தது. அவற்றுள் ஒன்றில் அவருக்குக் கவ்வாத்து வெட்டும் வேலை. குளிர் நம்மூர்க் குளிர் போலவே இருக்கிறதென்றும், மாலையில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கிறதென்றும் எழுதியிருந்தார். நேயர் விருப்பத்துக்கு ஓர் அட்டை போட்டிருப்பதாகக் கடைசி வரியில் ஒரு குறிப்பு.

அன்றிலிருந்து நாள்தோறும் பெட்டியருகிற் காத்திருந்தேன். மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை, அறிவிப்பாளர் பெயர்களை வாசித்துக்கொண்டு வருகையில், கூடலூரிலிருந்து என்று சொல்லி அண்ணன் பெயரையும், அதன்பின் பண்டாரவளையில் எங்கள் தோட்டத்தின் பெயரையும், என் பெயரையும் வாசித்தார். பாட்டு தொடங்கிற்று. நான் கிற்றாரை மடியிலெடுத்து, அதன் முதற் சுரம் எந்த மெட்டிலிருக்கிறதென்று தேடினேன்.